நான் இல்லாதபோது மட்டும் விழுந்த கணினி

"பார்த்தேன், பிழை எதுவும் இல்லை" என்று வேலைச் சீட்டில் எழுதிவிட்டுத் திரும்பி வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். வேலை வெட்டி இல்லாமல் யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை. கணினி விழுந்தது, அதாவது செயலிழந்தது, என்று ஒருவர் சொன்னால் விழுந்திருக்கிறது. நீங்கள் போய் நின்ற நேரத்தில் விழவில்லை என்பது உங்களைப் பற்றிய செய்தி, கணினியைப் பற்றியது அல்ல.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கட்டளைகளை நான் சொல்லித்தரப் போவதில்லை. நான் படித்தவற்றில் பாதி இன்று வேலைக்கு ஆகாது, மீதியை நீங்கள் என்னைவிட வேகமாகத் தட்டுகிறீர்கள். ஒரே ஒரு கணினியின் கதையைச் சொல்கிறேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் கணினி. நாள் முழுவதும் ஒழுங்காக வேலை செய்யும். மாலையில் நிறுத்தும்போது மட்டும் விழும். அதுவும் நான் இல்லாதபோது மட்டும்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த கணினிக் கடையில் வேலை செய்தேன். கடை ஹனீபா நானாவுடையது. கொம்பனித்தெருக்காரர், வியாபாரத்தில் சூரர். எந்தக் கணினியின் மூடியையும் அவர் வாழ்நாளில் திறந்ததில்லை, அந்த வேலை முழுவதும் என் தலையில். வீடு பாமன்கடையில் என்பதால் நடந்தே வேலைக்குப் போய்விடுவேன். அந்த நாட்களில் பஸ் ஏறாமல் வேலைக்குப் போவது பெரிய கொடுப்பினை. ஏறினால் எத்தனை இடத்தில் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் ஒரு இலவச கிளினிக் இருந்தது. வலிப்பு நோய்க்கு மட்டும். வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். மற்ற கிளினிக்குகளில் நோயாளியின் கையில் ஒரு கொப்பி கொடுத்துவிடுவார்கள், என்ன மருந்து, எவ்வளவு என்று அதில் இருக்கும். இங்கே அது நடக்கவில்லை. வலிப்பு என்று எழுதிய கொப்பியை எந்தத் தாயும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிற வீட்டில் அது யார் கண்ணிலாவது பட்டால் முடிந்தது கதை. ஆகவே கிளினிக்கின் தலைவர் ஒரு ஏற்பாடு செய்தார். பெயரும் மருந்தும் அளவும் கணினியில் மட்டும் இருக்கும். நோயாளியிடம் ஒரு இலக்கம் இருக்கும், அதுவும் மனதில். பெயர் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்று ஒவ்வொரு தாயிடமும் தலைவர் தன் வாயாலேயே வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கணினியில் லினக்ஸ் போட்டது நான். அன்பளிப்பாக வந்த பழைய பெட்டி, மென்பொருள் வாங்க வழியில்லை, வேறு யோசிக்க என்ன இருக்கிறது? அதை நடத்தியவர் குணம் அண்ணை. ஐம்பது வயது தாண்டியவர், யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவுப் பிரிவில் இருந்தவர். முன்கோபி. எதிரே நிற்கிறவரின் உச்சரிப்பைத் திருத்தாமல் அவருக்கு ஒரு நாள் கழியாது. என்னை "மிஸ்" என்று அழைப்பார், ஆனால் அந்த மரியாதை அந்தச் சொல்லோடு சரி.

ஒரு நாள் மாலை குணம் அண்ணை கணினியை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். திரையில் வெள்ளை எழுத்துகள் குவிந்தன, அப்படியே உறைந்தது, விசைப்பலகையில் இரண்டு சிறிய விளக்குகள் கண் சிமிட்டத் தொடங்கின. கணினியை உள்ளிருந்து நடத்தும் கேர்னல் தாங்கமுடியாமல் கைவிட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்த நாள் காலை கணினி எழும்பும்போது தன் வட்டை முழுவதும் சோதித்துவிட்டுத்தான் எழும்பியது. வரிசை வாசல் வரை நின்றது. ஒரு வாரம் விட்டு மறுபடியும் அதே கதை. அந்தத் தடவை முதல் நாள் பதிந்தவை காணாமல் போயிருந்தன. டொக்டர் அன்று யார் யாருக்கு மருந்தைக் கூட்டினார், குறைத்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் ஒரு நாள் பதிவு போனது.

தலைவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் கணக்கு ஒத்துவராவிட்டால் கணக்கு எழுதியவனைப் பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"சனம் கூடுற நாளிலைதான் விழுது, பாத்தனீங்களே? மனுசன் களைச்சுப்போறார். கவனமில்லை. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அவரை நிப்பாட்டிப்போட்டு ஒரு இளம் பெடியனைப் போடுவம் எண்டு இருக்கிறன்."

வேலை போவது என்றால் என்ன என்று உங்களுக்கு இப்போது விளக்க வேண்டியிருக்கிறது, அன்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்கியிருக்கும் ஒருவர் பொலிசில் பதிய வேண்டும். ஏன் வந்தாய், ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பார்கள். குணம் அண்ணையிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கிளினிக் கொடுத்த வேலைக் கடிதம். அது இல்லாமல், ஆமி தெருவை மறித்து வீடு வீடாகச் சோதிக்கும் அடுத்த சுற்றிவளைப்பில் அவர் அகப்பட்டால், கொழும்பில் இருப்பதற்கு அவரிடம் காரணமே இல்லை. என் கணினியின் கோளாறு ஒன்று அவரை ஊரை விட்டே துரத்தப் போகிறது என்பதுதான் விஷயம். எனக்கு அன்று இரத்தம் கொதித்தது.

எப்போதும் என்னை மகள் என்று அழைக்கும் ஹனீபா நானா தன் வழியைச் சொன்னார்.

"என்னத்துக்கு மகள் இந்தக் கரச்சல்? ஃபோமட் அடிச்சி, வேற ஒண்டப் போட்டுக் குடுத்திட்டு வாங்க. புதுசா இரிக்கி எண்டு அவங்களும் சந்தோசப்படுவாங்க."

"ஃபோமட் அடிச்சாலும் விழும் நானா."

"ஏன் விழும்?"

"ஏன் எண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியாததை எப்பிடி அழிக்கிறது?"

அவர் தலையைச் சொறிந்தார், தடுக்கவில்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி போடுவது திருத்தம் அல்ல. பிழை அடுத்த வாரம் வரும் என்று தேதியைத் தள்ளிப்போடுவதுதான். சில நேரம் வேறு வழி இருக்காது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிழையின் பெயரால் ஒரு மனிதர் தண்டிக்கப்படப் போகிறார் என்றால், அதைச் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை.

திங்கட்கிழமை போனேன். நினைவகத்தை மாற்றினேன். மின்வழங்கியை மாற்றினேன். நிறுத்தினேன், எழுப்பினேன், மறுபடி நிறுத்தினேன். தங்கம் போல நின்றது. மாலையில் குணம் அண்ணையையே நிறுத்தச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவும் அழகாக நின்றது. செவ்வாயும் அப்படியே. புதன் வேறு இடத்தில் வேலை, போக முடியவில்லை. வியாழன் காலை கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. முதல் நாள் மாலை மறுபடி விழுந்திருந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போய், கணினி தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவுகளைத் தோண்டினேன். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது. நிறுத்தச் சொன்னதும் கணினி முதலில் அனுப்பி வைப்பவர்களில் ஒருவர் இந்தப் பதிவை எழுதுகிற நிரல்தான். அவர் வீட்டுக்குப் போன பிறகு நடப்பதை யார் எழுதுவது? நிறுத்தும் நேரத்துக் கோளாறுகள் இவ்வளவு தலையிடி தருவதற்குக் காரணம் இதுதான்.

நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, கணினியை விட்டுவிட்டு என்னைப் பற்றி யோசித்தேன். நான் இருந்த நாட்களில் விழவில்லை. இல்லாத நாளில் விழுந்தது. கணினிக்கு என் மேல் பயமோ பாசமோ இருக்க முடியாது. அப்படியானால் நான் நிற்கும்போது இந்த அறையில் ஏதோ ஒன்று நடக்காமல் போகிறது. என்ன அது என்று தெரிய வேண்டுமென்றால் நான் இங்கே நிற்கக் கூடாது. ஆனால் கணினி கடைசியாகச் சொல்வதை யாராவது கேட்க வேண்டும்.

அதற்கு அன்று ஒரு வழி இருந்தது. கேர்னல் திரைக்குச் சொல்வதை எல்லாம் ஒரு சீரியல் கேபிள் வழியாக இன்னொரு கணினிக்கும் சொல்ல வைக்கலாம். முதலாவது செத்தாலும் இரண்டாவது கேட்டதை வைத்திருக்கும். கடைக்கு ஓடிப்போய், கடையின் பழைய மடிக்கணினியையும் நீளமான கேபிளையும் பையில் திணித்துக்கொண்டு மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். கோட்டையில் இறக்கிச் சோதித்தார்கள். ஆமிக்காரர் ஒருவர் கேபிளை வெளியே இழுத்தார். அது முடிகிற வழியாக இல்லை, இழுத்துக்கொண்டே இருந்தார்.

"மேக்க மொகத மிஸ்?"

இது என்ன என்று கேட்கிறார். "கொம்பியூட்டர் வயர் எக்கக் மல்லி" என்றேன், கணினி வயர் ஒன்று தம்பி என்று.

இவ்வளவு நீளம் எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்து அறை வரை போக வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் என்னிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றார்கள். மடிக்கணினியைத் திறந்து, எழுப்பிக் காட்டி, கடையின் அட்டையைக் காட்டி, ஹனீபா நானாவைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.  வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமை நாளைக்கு என்பது நினைவுக்கு வந்ததும் அடுத்த பஸ்சில் ஏறினேன்.

கேபிளைச் சுவரோரமாக மருந்து அறைக்கு இழுத்து அலுமாரிக்குப் பின்னால் மடிக்கணினியை வைத்தேன். குணம் அண்ணை வெளியே வரிசையைத் திட்டிக்கொண்டிருந்தார். "இண்டைக்கு எனக்கு வேறை வேலை இருக்கு அண்ணை, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அன்று நல்ல கூட்டம். கிளினிக் மூடும் நேரம் தாண்டி, தலைவரிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது விசைப்பலகையின் விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? விழுந்திருக்கிறது, நான் கேட்டிருக்கிறேன்.

மடிக்கணினியில் கடைசி வரிகள் இருந்தன. யூஎஸ்பி வழியாகக் கொழுவிய ஒரு வட்டு, எழுதிக்கொண்டிருந்த நடுவிலேயே பிடுங்கப்பட்டது என்று முதல் வரி. அதன் பிறகு இல்லாத வட்டில் எழுதப் பார்த்து, முடியாமல், அந்தக் காலத்துக் கேர்னல் தன்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கூட்டமான நாளில் எழுத நிறைய இருக்கும், பிடுங்கும்போது எழுதி முடிந்திருக்காது. கூட்டமில்லாத நாளில் எழுதி முடித்துவிடும், அன்று பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது. எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. அந்தக் கிளினிக்கில் அப்படி ஒரு வட்டு கிடையாது.

அப்போதுதான் என் தோளுக்குப் பின்னால் தலைவர் நிற்பதைக் கண்டேன். திறப்பைத் திரும்ப வாங்க அவரே வந்திருந்தார்.

"யூஎஸ்பி எண்டால்?"

"வெளியிலை இருந்து கொழுவிற சாமான் சேர்."

"எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லையே."

"இல்லை."

"அப்ப ஆர் கொழுவினது?"

கேட்கவே தேவையில்லாத கேள்வி. மாலையில் அந்த அறையில் இருப்பவர் ஒருவர்தான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வலிப்புள்ள பிள்ளைகளின் பெயர்கள் ஒருவருடைய பையில் வெளியே போகின்றன. எதற்கு? யாருக்கு? அந்த நாட்களில் அப்படி ஒரு கேள்வி எழும்பினால் அது கிளினிக்கோடு நிற்காது. வேலை போவது அதற்கு முன்னால் சின்ன விஷயம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. கணினி என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் நடந்தது என்று அது சொல்லாது. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதையும் கண்டுபிடித்துவிட்டதாக நாக்கை நீட்டாதீர்கள்.

"என்ன நடந்தது எண்டு கண்டுபிடிச்சிட்டன் சேர். ஏன் எண்டு நாளைக்கு, கமிட்டிக்கு முன்னம் சொல்லுவன்" என்றேன்.

"கமிட்டிக்குப் பிறகு எனக்கு உங்கட பதில் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக் திறக்கும் முன்னரே குணம் அண்ணையைப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணை, பின்னேரத்திலை நீங்கள் கொழுவிற வட்டு எங்கை?"

அவர் முகம் சுருங்கியது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சோற்றுப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, கீழே துணியில் சுற்றியிருந்த சிறிய வட்டை மேசையில் வைத்தார்.

"நீங்கள் நிண்ட நாளிலை நான் கொழுவேல்லை" என்றார்.

"தெரியும். மற்ற நாளிலை ஏன் கொழுவினனீங்கள்?"

அவர் அதைச் சொல்ல நேரம் எடுத்தது. சண்டை நெருங்கி யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஒரே நாளில் வெளியேறிய போது அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியும் வெளியேறியது. நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் அலுமாரிகளில் அப்படியே நின்றன. தூக்க ஆள் இல்லை, வாகனம் இல்லை. பிறகு அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு தாய் அவரை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். மகனுக்கு வலிப்பு. மருந்து முடிந்துவிட்டது.

"என்ன மருந்து எண்டு கேட்டன். வெள்ளைக் குளிசை எண்டாள். எத்தினை வெள்ளைக் குளிசை இருக்கு மிஸ் உலகத்திலை? டொக்டர் ஏதோ ஊகிச்சுக் குடுத்தார். சரிவரேல்லை. பெடியன் செத்துப்போனான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்சையும் ஒரு நாளைக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாங்கள். எனக்குத் தெரியும். அதுதான் ஒவ்வொரு நாளும் கொப்பி எடுத்தனான்."

"முழுசா நிக்கும் வரைக்கும் ஏன் பொறுக்கேல்லை?"

"கதவைப் பூட்ட வீட்டுக்காரற்றை ஆள் வந்து பக்கத்திலை நிண்டிடுவான். அவன் காணமுந்தி எடுக்கவேணுமெல்லே. நிப்பாட்டச் சொன்னால் நிண்ட மாதிரித்தானே எண்டு நினைச்சன்."

பதிவு தொலையக்கூடாது என்று அவர் செய்த காரியம்தான் பதிவைத் தொலைத்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை என்னை ஒருபோதும் அழைக்காத மாதிரி அழைத்தார்.

"தங்கச்சி, மெசின் பிழை எண்டு எழுதிவிடும். நான் இனிக் கொழுவமாட்டன்."

எழுதியிருக்கலாம். கோளாறு நின்றிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தலைவர் அந்த வரியைப் பார்த்துவிட்டார். இன்றைக்கு மூடினால் என்றைக்கோ ஒரு நாள் அது வேறு வாயால் வெளியே வரும், அப்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நான் இருக்க மாட்டேன். அதோடு அவருடைய பயம் நியாயமான பயம். அதை ஒளித்து வைத்தால் அதற்கு மருந்து கிடைக்காது.

"நீங்கள் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் சொல்லுவன். ரெண்டு பேருமாப் போவம்" என்றேன்.

அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் வந்தார்.

தலைவருக்கு முன்னால் வட்டை வைத்து எல்லாவற்றையும் அவரே சொன்னார், சோற்றுப் பெட்டி உட்பட. தலைவரின் காது சிவந்தது.

"நான் அந்தத் தாய்மாருக்கு வாக்குக் குடுத்திருக்கிறன் குணம். பேர் வெளியிலை போகாது எண்டு. நீர் ஒவ்வொரு நாளும் செக்பொயிண்டுக்குள்ளாலை கொண்டு போயிருக்கிறீர்."

"ஓம் சேர். பேர் வெளியிலை போயிடும் எண்டு நீங்கள் பயப்பிடுறியள். மருந்து இல்லாமல் போயிடும் எண்டு நான் பயப்பிடுறன். ரெண்டும் சரியான பயம்தான்."

 நான் வட்டை எடுத்துக் கணினியில் கொழுவினேன். அவர் பிடுங்கிய அவசரத்தில் சில கோப்புகள் சிதைந்திருந்தன, ஆனால் கிளினிக் இழந்த அந்த நாட்களின் பதிவுகள் பெரும்பாலும் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து தலைவருக்குக் காட்டினேன். யாருக்கு மருந்து கூட்டினார்கள், யாருக்குக் குறைத்தார்கள் என்பதெல்லாம் திரும்பி வந்தது. தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

பிறகு நான் என் யோசனையைச் சொன்னேன். நோயாளிகளுக்குத் தங்கள் இலக்கம் மனப்பாடம். அப்படியானால் வெளியே போகிற வட்டில் பெயர் எதற்கு? இலக்கம், மருந்து, அளவு, இவ்வளவும் போதும். அதைக் கொண்டு யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் எந்தப் பிள்ளைக்கும் மருந்து கொடுக்கலாம். நிறுத்தச் சொன்னதும் கணினி முதலில் அந்தப் பிரதியை எழுதி முடித்து, வட்டை முறையாக விடுவித்து, எடுக்கலாம் என்று திரையில் சொல்லும். அதன் பிறகுதான் நிற்கும். அதற்குள் யாரும் தொடக் கூடாது.

"அந்த வட்டை நான் கொண்டு போறன்" என்றார் தலைவர். "என்ரை காரை மறிக்கிறது குறைவு." எழும்பும்போது குணம் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "ஒளிச்சதுக்கு உம்மை நான் லேசிலை மன்னிக்க மாட்டன். திங்கக்கிழமை நேரத்துக்கு வாரும்."

அதற்கான நிரலை எழுதி முடிக்க எனக்கு அந்த வார இறுதி முழுவதும் போனது. திங்கட்கிழமை மாலை மூன்று பேரும் கணினிக்கு முன்னால் நின்றோம். குணம் அண்ணை கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கதவைப் பூட்ட வந்த ஆளும் எங்களோடு நின்று பார்த்தான். பிரதி எழுதி முடிந்தது, வட்டு விடுவிக்கப்பட்டது, திரை இருண்டது. அதன் பிறகு அந்தக் கணினி நிறுத்தும்போது ஒருபோதும் விழவில்லை. நான் இருந்தபோதும் இல்லாதபோதும்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை உங்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகவே தந்திருப்பேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் விடிய, தலைவர் தொலைபேசியில் அழைத்தார். கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு. கிளினிக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பக்கத்து அறையொன்றுக்கு வாடகைக்கு மாறியிருந்த குணம் அண்ணை ஓடிவந்து திறந்திருக்கிறார். கணினியை எழுப்பச் சொல்லி, திரையில் விளங்காத எழுத்துகளைக் கண்டதும் பரிசோதிக்க வேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குணம் அண்ணையையும்.

"வட்டு என்ரை வீட்டு அலுமாரியிலை இருக்கு. மனிசியிட்டை சொல்லிப்போட்டன், போய் எடுங்கோ" என்றார். "நான் வேலைக் கடிதத்தோடை பொலிசுக்குப் போறன். அவரை விடும் வரைக்கும் அங்கையே இருப்பன்."

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஹனீபா நானா உடனே எழும்பினார். விற்பனைக்கு வைத்திருந்த கணினியின் வயர்களைத் தானே கழற்றினார்.

"கொண்டு போங்க மகள். ஓட்டோ புடிச்சிப் போங்க" என்றார்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் எத்தனை இடத்தில் மறித்தார்கள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெட்டியைத் திறந்து காட்டினேன், வட்டைத் திறந்து காட்டினேன். இலக்கங்களும் மருந்துப் பெயர்களும். வாசித்தவர்களுக்கு அலுத்துப்போனது, விட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் வாசலில் தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். கணினி போய்விட்டது என்ற செய்தி அவர்களுக்கு முதலே வந்துவிட்டது. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். தன் பிள்ளையின் குளிசையின் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதுமில்லை.

குணம் அண்ணையின் மேசையில் கணினியை வைத்தேன், வட்டைக் கொழுவினேன், அவருடைய கதிரையில் உட்கார்ந்தேன். முதலாவது தாயிடம் இலக்கத்தைக் கேட்டேன். மருந்தும் அளவும் திரையில் வந்தன. மருந்து அறையில் வேலை செய்த பெண்ணிடம் உரக்கச் சொன்னேன். அடுத்தது. அதற்கடுத்தது. அழுதுகொண்டிருந்த தாயின் முறை வந்தபோது, அவள் இலக்கத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுடைய மகனின் மருந்தும் வந்தது. எனக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஆனால் நிற்கவில்லை. பார்த்துப் பார்த்து, நிதானமாக, ஒரு இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மதியம் திரும்பிய பிறகு வாசலில் சலசலப்புக் கேட்டது. வரிசை விலகியது. தலைவர் முன்னால் வந்தார், முகம் களைத்துப் போயிருந்தது. அவருக்குப் பின்னால் குணம் அண்ணை. சட்டை கசங்கியிருந்தது, ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது.  அவர் நேராக மேசைக்கு வந்து திரையைக் குனிந்து பார்த்தார். கொழுவியிருந்த வட்டைப் பார்த்தார். வாசல் வரை நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொண்டா ரெண்டு தரம் பாத்துக்கொண்டிருந்தால் எப்ப முடிக்கிறது?" என்றார். "எழும்புங்கோ மிஸ். அது என்ரை கதிரை."

நான் எழும்பினேன்.